மாணவர்களின் திறமூலத் திட்டங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? திருகோணமலைக் குழுக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் ஏ.எல். முடித்துவிட்டு யூடியூப் பார்த்துப் பைத்தன் பழகுபவர்கள் இருக்கிறார்கள். கொழும்புக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யும் பொறியாளர்களும் ஊரில் உண்டு. இந்த மூன்று தரப்பும் ஒரே ஊரில் கிடைத்தால் ஒரு சிறிய திறமூல (யாரும் கோடைப் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) வழிகாட்டல் திட்டத்தை நடத்திவிடலாம். மாதிரிக்கு எங்கும் தேடிப்போக வேண்டியதில்லை. மாணவர்கள் வழிகாட்டியோடு திறமூல மென்பொருளுக்குக் கோட் எழுத, கூகுள் 2005இல் தொடங்கிய சம்மர் ஒஃப் கோட் திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது நம் நாட்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகம்தான். அந்த அனுபவம் கரையோரம் வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

நடத்துவதில் கஷ்டமான பகுதி தேர்வு. நாற்பது பேர் விண்ணப்பித்து நான்கு பேரைத்தான் எடுக்க முடியும் என்றால் யாரை எடுப்பது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை செய்து காட்டிய ஒரு மாணவர், யாரோ உண்மையாகவே காத்திருக்கும் ஒரு வேலை, நேரம் உள்ள ஒரு வழிகாட்டி. இந்த மூன்றும் கூடி வந்தால் இடம் கொடுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

படி 1: வழிகாட்டிகளை எண்ணுங்கள்

எத்தனை பேரை எடுக்கலாம் என்பதற்கும் எத்தனை விண்ணப்பம் வந்தது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு மாணவருக்கு வாரம் நான்கைந்து மணி நேரமாவது போகும். கோட் ரிவியூ (எழுதிய கோடைப் படித்துத் திருத்தம் சொல்வது), சிக்கிய இடத்தில் ஒரு பதில், வாரம் ஒரு அழைப்பு என்று அது கரைந்துவிடும். பகலில் வேலைக்குப் போகும் ஒருவரால் ஒரு மாணவரைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். "நான் மூன்று பேரைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று உற்சாகமாகச் சொல்பவரை நம்பாதீர்கள். அவர் நல்லவர்தான், ஆனால் அவருடைய கம்பெனி மென்பொருளை வெளியிடும் ரெலீஸ் வாரத்தில் மூன்று பிள்ளைகள் பதில் இல்லாமல் தவிப்பார்கள்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் முதல் வழிகாட்டி ஒருவர், துணை வழிகாட்டி ஒருவர் வேண்டும். துணை என்பவர் பெயருக்கு இருப்பவராக இருக்கக் கூடாது. கல்யாண வீடு, காய்ச்சல், வேலை மாற்றம் என்று எதுவும் வரலாம். அந்த நேரத்தில் கோட் கோப்புகளைத் திறந்து உடனே பதில் சொல்லக் கூடியவராக இருக்க வேண்டும். ஆறு பேர் கொண்ட குழு, தாளில் கணக்குப் போட்டால் ஆறு மாணவர்களை எடுக்கலாம். நான் நான்குக்கு மேல் போக மாட்டேன்.

சம்மர் ஒஃப் கோட்டில் பங்குகொள்ளும் அமைப்புகள் கூகுளிடம் இரண்டு எண்களைக் கொடுக்க வேண்டும்: குறைந்தபட்சம் எத்தனை இடம், அதிகபட்சம் எத்தனை இடம். விட்டுவிட மனமே வராத வேலைகள் எத்தனை என்பது முதல் எண். தாங்கக்கூடிய எல்லை இரண்டாவது. கூகுளோடு சம்பந்தமில்லாத ஊர்க் குழுவும் விண்ணப்பம் திறக்குமுன் இந்த இரண்டாவது எண்ணை எழுதி ஒட்டிவிட வேண்டும். விண்ணப்பங்களைப் பார்த்தபின் அதைக் கூட்டக் கூடாது.

படி 2: வேலைப் பட்டியலைத் தயாரியுங்கள்

தேர்வின் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது. பட்டியல் மொட்டையாக இருந்தால் விண்ணப்பங்களும் அப்படித்தான் வரும்.

பட்டியலே இல்லாமல் "உங்கள் யோசனையைக் கொண்டுவாருங்கள்" என்று விட்டுப் பாருங்கள். திருகோணமலை சுற்றுலாச் செயலி என்றுதான் பாதிப் பேர் எழுதுவார்கள். கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளி, புறாத்தீவு எல்லாம் வரைபடத்தில் வரும், ஹோட்டல் புக்கிங் வரும். ஆசை நியாயமானது. ஆனால் அதற்குப் பின்னால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோடும் இல்லை, பராமரிப்பவரும் இல்லை, காத்திருக்கும் பயனரும் இல்லை. மூன்று மாதத்தில் ஒரு கம்பஸ் புரொஜெக்ட் மாதிரி முடியும். அடுத்த ஆண்டு சேர்வர் கட்டணம் கட்ட ஆளிருக்காது. மாணவரும் திறமூலத்தில் முக்கியமான எதையும் பழகியிருக்க மாட்டார். அதாவது, அடுத்தவர் எழுதிய கோடைப் படிப்பது, தன் கோடை அடுத்தவர் திருத்துவதைத் தாங்கிக்கொள்வது.

இதற்கு மாறாக ஒரு வேலையைப் பாருங்கள். நம் ஊர்க் கந்தோர்களிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் மலைபோலக் கிடக்கின்றன. பாமினியை, இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிக்கோடாக மாற்றும் கருவிகள் நிறைய உண்டு. ஆனால் வேர்ட் கோப்பை அப்படியே கொடுத்தால், இடையில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் தமிழ் என்று நினைத்து மாற்றப்பட்டுக் குழம்பிவிடும். ஏனென்றால் பாமினியில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருப்பதே ஆங்கில எழுத்தின் குறியீட்டில்தான். எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று கோப்புக்குள் பார்த்தால்தான் பிரிக்க முடியும். இன்னொரு சிக்கலும் உண்டு. "கெ" என்பதில் கொம்பைப் பாமினியில் முதலில் தட்டுகிறோம், யூனிக்கோடில் அது ககரத்துக்குப் பிறகு வரும். வரிசையை மாற்றிப்போட வேண்டும்.

இது நல்ல மாணவர் வேலை. எல்லை தெரிகிறது. சரியா பிழையா என்று டெஸ்ட் (கோடைச் சோதிக்கும் சிறு கோட்) எழுதிச் சொல்ல முடிகிறது. பாதியில் நின்றாலும் மிஞ்சுவது உண்டு: சொற்களை மட்டும் மாற்றும் பகுதி முடிந்திருந்தாலே ஒருவர் பயன்படுத்தலாம். கிராம சேவகர் கந்தோரில் இருப்பவர் முதல் நூலகக்காரர் வரை காத்திருக்கிறார்கள்.

பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதுங்கள். இப்போது என்ன நடக்கிறது, முடிந்தபின் என்ன நடக்க வேண்டும், எந்த மொழி தெரிந்திருக்க வேண்டும், வழிகாட்டி யார், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நேரத்துக்குச் சம்மர் ஒஃப் கோட்டின் அளவுகளையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே 90, 175, 350 மணி நேரம் என்று மூன்று அளவு இருக்கிறது. பன்னிரண்டு வாரத்துக்குப் பிரித்தால் 90 என்பது வாரம் ஏழரை மணி நேரம், 175 கிட்டத்தட்ட பதினைந்து, 350 கிட்டத்தட்ட முப்பது. விரிவுரைக்குப் போய்க்கொண்டு வாரம் முப்பது மணி நேரம் கோட் எழுதுவேன் என்பவர் ஒன்றில் விரிவுரையை விடுவார், இல்லாவிட்டால் உங்களை விடுவார். முதல் ஆண்டில் எல்லாவற்றையும் 90 மணி நேர வேலையாகவே வையுங்கள்.

வேறொருவருடைய திறமூலத் திட்டத்தில் வேலை செய்வதென்றால், பராமரிப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுப் பதில் வாங்கிய பிறகே பட்டியலில் போடுங்கள். கேட்காமல் செய்த கோட், எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஏற்றுக்கொள்ளப்படாமல் மாதக்கணக்கில் கிடக்கும். அவருக்கு அது தேவையே இல்லாமலும் இருக்கலாம். "நல்லது, செய்யுங்கள், நான் ரிவியூ செய்கிறேன்" என்று ஒரு வரி எழுத்தில் கிடைத்தால் போதும்.

மறுபுறம், அடுத்த வெளியீட்டுக்குக் கட்டாயம் தேவைப்படும் வேலையையும் மாணவரிடம் கொடுக்காதீர்கள். அவர் தாமதித்தால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். பிறகு வழிகாட்டி பொறுமையிழந்து தானே எழுதி முடித்துவிடுவார், மாணவர் பார்த்துக்கொண்டிருப்பார். அதேபோல ஒரு மாணவரின் வேலை முடிந்தால்தான் அடுத்தவர் தொடங்கலாம் என்று சங்கிலி போடவும் கூடாது.

கோட் இல்லாத வேலைகள் பற்றியும் ஒரு முடிவு எடுங்கள். மூதூர்ப் பக்கத்து உள்வீதிகளை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் சேர்ப்பது, லிப்ரேஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் இடைமுகத்தில் தமிழைச் சரிபார்ப்பது எல்லாம் பயனுள்ளவைதான். சம்மர் ஒஃப் கோட் திட்டம் கோட் வேலையை மட்டுமே ஏற்கும், அதேபோன்ற இன்னொரு திறமூலப் பயிற்சித் திட்டமான அவுட்ரீச்சி ஆவணம், வடிவமைப்பு போன்றவற்றையும் ஏற்கும். எந்த வழி என்றாலும் சரி, அறிவித்துவிட்டு அதன்படி நில்லுங்கள்.

"இங்கே செய்வதால் என்ன பெரிதாக வரப்போகிறது" என்று கேட்கும் பெற்றோரும் மாணவரும் வருவார்கள். அவர்களுக்குச் சகானாவைச் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் நம் கரையை அடித்தபோது, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் சில நாட்களில் எழுதத் தொடங்கிய திறமூல மென்பொருள் அது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகானாவுக்குக் கொடுத்தது. பிற்பாடு சகானாவே சம்மர் ஒஃப் கோட்டில் மாணவர்களை எடுக்கும் அமைப்பாக ஆனது.

படி 3: காலத்தைப் பாருங்கள்

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நமக்கு வாடைமழை. கரன்ட்டும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளி, நிலாவெளியில் சீசன். பல வீட்டுப் பிள்ளைகள் ஹோட்டலிலும் படகிலும் வேலை செய்து கையில் காசு பார்க்கும் காலம் அதுதான். எந்த மாதமும் முழுக்கச் சும்மா கிடைக்காது. கம்பஸ் பரீட்சை அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு திகதி போடுங்கள், நடுவில் ஒரு வாரம் விடுப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: விண்ணப்பத்துக்கு முன் ஒரு சிறு வேலை கொடுங்கள்

எனக்கு ஒரே ஒரு படியைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். அவுட்ரீச்சி இதைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறது. விண்ணப்பக் காலத்தில் அந்தத் திட்டத்துக்கு ஏதாவது பங்களிப்புச் செய்யாதவரை அங்கே தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

புதியவர்களுக்கென்று குறித்த சின்ன இஷ்யூக்களை (செய்ய வேண்டிய திருத்தங்களின் பதிவுகளை)த் திறந்துவையுங்கள். பட்டியலில் உள்ள வேலையோடு தொடர்புடையவையாக இருந்தால் நல்லது. மாணவர் ஒன்றை எடுத்து, கணினியில் கோடை ஓடவைத்து, திருத்தி, புல் ரிக்வெஸ்ட் (தன் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கும் கோரிக்கை) அனுப்ப வேண்டும். பிறகு நீங்கள் செய்ய வேண்டியது முக்கியம்: முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்ளாதீர்கள். நியாயமான ஒரு திருத்தமாவது கேளுங்கள். "இந்தப் பெயரை மாற்றுங்கள், இதற்கு ஒரு டெஸ்ட் சேருங்கள்" என்றால் போதும். அதற்கு என்ன பதில் வருகிறது, எப்போது வருகிறது, கேள்வி கேட்கிறாரா, கோபிக்கிறாரா, காணாமல் போகிறாரா என்பதெல்லாம் இருபது பக்க முன்மொழிவு சொல்லாததைச் சொல்லும்.

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஒக்டோபரில் திறமூலப் பங்களிப்புக்குப் பரிசு கொடுக்கும் ஹக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில் 2020ஆம் ஆண்டு நடந்தது நினைவிருக்கலாம். நான்கு புல் ரிக்வெஸ்ட் போட்டால் டீசேர்ட் என்றதும், ஒரு சொல்லை மாற்றி அனுப்பிய குப்பைகள் உலகமெங்கும் வந்து குவிந்தன. பராமரிப்பவர்கள் கொதித்தெழ, விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று நடுவழியில் விதியை மாற்ற வேண்டியதாயிற்று. ஒருவர் பத்து எழுத்துப்பிழை திருத்தியதைவிட, இன்னொருவர் ஒரே பிழையின் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்ததுதான் பெரிது.

இந்தப் படி வசதியுள்ளவர்களுக்குச் சாதகமாகிவிடும் ஆபத்து உண்டு. வீட்டில் ஒரே மடிகணினியை மூன்று பேர் பகிர்பவர், டேட்டா கார்ட் போட்டுப் படிப்பவர், இரவு பத்து மணிக்குப் பிறகுதான் கோட் எழுத முடிபவர் எல்லோரும் இருக்கிறார்கள். ஆகவே காலக்கெடுவை மூன்று வாரமாவது வையுங்கள், முந்தி வந்தவருக்குப் புள்ளி கொடுக்காதீர்கள். தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, நல்ல இணையம் உள்ள இடத்தில் எல்லோரையும் கூட்டி, கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியையும் தேவையான மற்ற மென்பொருட்களையும் நிறுவிக் கொடுங்கள். மாணவர்கள் கழன்றுபோவது பெரும்பாலும் கோட் எழுதும் இடத்தில் இல்லை, நிறுவும் இடத்தில்தான்.

படி 5: விண்ணப்பப் படிவம்

இரண்டு பக்கத்துக்கு மேல் கேட்காதீர்கள். எந்த வேலை, ஏன் அது, வாரவாரியாக என்ன செய்வீர்கள், எந்த இடத்தில் சிக்குவீர்கள் என்று நினைக்கிறீர்கள், படிப்பு, வேலை, வீட்டுப் பொறுப்பு போக வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்டு, ஏற்கெனவே அனுப்பிய புல் ரிக்வெஸ்டின் இணைப்பு. அவ்வளவுதான். ஜி.பி.ஏ. கேட்க வேண்டாம், பாடசாலைப் பெயரும் வேண்டாம்.

"எங்கே சிக்குவீர்கள்" என்ற கேள்விக்கு வரும் பதிலை நான் முதலில் படிப்பேன். "எந்தச் சிக்கலும் வராது" என்று எழுதியவர் இன்னும் கோடைத் திறக்கவில்லை.

தமிழில் எழுதலாமா ஆங்கிலத்திலா என்று கேட்பார்கள். இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆங்கில நடையழகு இப்போது எதையும் காட்டுவதில்லை. சாட்ஜிபிடியிடம் கேட்டால் எல்லோருக்கும் ஒரே மாதிரி மணியான முன்மொழிவு கிடைத்துவிடுகிறது. அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டால் கண்டுபிடிக்கவும் முடியாது, சண்டையும் வரும். பயன்படுத்தினால் சொல்லுங்கள், எழுதிய ஒவ்வொரு வரியையும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் படிவத்தின் மேலேயே போடுங்கள். ஆனால் திட்டத்தின் ரிவியூ ஆங்கிலத்தில் நடந்தால், நான்கு வரி ஆங்கிலத்தில் தன் பிரச்சினையைச் சொல்ல மாணவருக்குத் தெரிய வேண்டும். அதைப் புல் ரிக்வெஸ்டிலேயே பார்த்துவிடலாம்.

படி 6: தனித்தனியாகப் படித்துப் புள்ளி போடுங்கள்

ஒரு விண்ணப்பத்தை இரண்டு பேராவது, ஒருவரோடொருவர் பேசாமல் படிக்க வேண்டும். வட்ஸ்அப் குரூப்பில் முதலில் ஒருவர் "இந்தப் பிள்ளை சூப்பர்" என்று போட்டுவிட்டால் மற்றவர்களின் கண்ணும் அப்படியே போய்விடும்.

ஐந்து கேள்விகளுக்குப் பூச்சியத்திலிருந்து மூன்று வரை புள்ளி கொடுங்கள்: செய்து காட்டிய வேலை, வேலையைப் புரிந்துகொண்ட விதம், திட்டமிட்ட கால அளவு நடக்கக்கூடியதா, தொடர்புகொள்ளும் பழக்கம், நேரம். முதலாவதற்கு இரட்டிப்பு எடை. கூட்டிப் பெரிய எண்ணை எடுப்பதற்காக இதைச் செய்யவில்லை. இரண்டு வாசகர்கள் எங்கே முரண்படுகிறார்கள் என்று காட்டத்தான் இந்த எண்கள். ஒருவர் மூன்று போட்ட இடத்தில் மற்றவர் பூச்சியம் போட்டிருந்தால், கூட்டத்தில் பேச வேண்டியது அந்த இடம்.

படி 7: இருபது நிமிடம் பேசுங்கள்

தேறக்கூடியவர்களோடு மட்டும், தமிழில், வீடியோ இல்லாமல் குரலில் பேசினாலும் போதும். நேர்முகப் பரீட்சை மாதிரி அல்கோரிதம் கேட்டு மிரட்டாதீர்கள். அவரே அனுப்பிய கோடைத் திரையில் வைத்துப் பேசுங்கள்.

"இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும், தங்கச்சி?"

"சரியாத் தெரியாது அண்ணா. ஆனா இந்த டெஸ்ட் உடையும் எண்டு நினைக்கிறேன். ஓட்டிப் பாக்கட்டா?"

இதைவிட நல்ல பதில் கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, கையோடு பார்க்கத் தொடங்குபவர் பன்னிரண்டு வாரமும் தாங்குவார். சரளமாகப் பேசி, கோடின் பக்கமே போகாதவர் சந்தேகத்துக்குரியவர். வெட்கத்தில் வாய் திறக்காத பிள்ளைகளும் உண்டு, அவர்களைத் தவறாக எடைபோடாதீர்கள். இரண்டு கேள்விகளை முதல் நாளே அனுப்பிவிட்டால் அவர்களும் பேசுவார்கள்.

படி 8: முடிவெடுக்கும் கூட்டம்

சின்ன ஊரில் இதுதான் சங்கடமான நாள். விண்ணப்பித்தவர்களில் ஒருவர் ஒரு வழிகாட்டியின் மச்சாளின் மகனாக இருப்பார், இன்னொருவர் மற்றவரின் டியூஷன் வகுப்பில் படித்தவராக இருப்பார். பெயரை மறைத்துப் படிக்கலாம் என்பது இங்கே எடுபடாது, கோட் வைக்கும் தளமான கிட்ஹப்பைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு விதி வையுங்கள். உறவோ வகுப்போ தொடர்புள்ளவர் அந்த விண்ணப்பத்துக்குப் புள்ளி போடக் கூடாது, அதைப் பேசும்போது அறையை விட்டு எழுந்து போக வேண்டும். யாரும் யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லாமல் வேலை நடக்கும்.

தொலைபேசியும் வரும். "தம்பி, நம்மட பிள்ளைதான், ஒரு இடம் பாத்துக் குடுங்கோவன்." கோபப்படாமல், "புள்ளி போடுறது நானில்ல ஐயா, செய்து காட்டுற வேலையத்தான் பாப்பம். பிள்ளைய ஒரு இஷ்யூ எடுக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையாகவும் இருப்பதால் சொல்வது எளிது.

கூட்டத்தில் விண்ணப்பங்களை மூன்றாகப் பிரியுங்கள்: கட்டாயம், இடமிருந்தால், இல்லை. ஒரே வேலைக்கு மூன்று நல்லவர்கள் வந்தால் ஒருவரைத்தான் எடுக்கலாம். மற்ற இருவரிடம், ஆள் வராத வேறொரு வேலையைச் செய்ய விருப்பமா என்று கேளுங்கள். கேட்காமல் மாற்றிவிடாதீர்கள். மிகச் சிறந்த மாணவர், ஆனால் அந்த வேலைக்கு வழிகாட்டியாக வர யாரும் உண்மையில் தயாரில்லை என்றால் எடுக்காதீர்கள். இது எல்லோருக்கும் கசக்கும், கூட்டத்தில் நீண்ட வாதமும் நடக்கும். "யாராவது பார்த்துக்கொள்ளலாம்" என்பது யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான்.

பட்டியல் முடிந்ததும் ஒருமுறை மேலோட்டமாகப் பாருங்கள். எல்லோரும் ஒரே வகுப்பிலிருந்தா? பெண் பிள்ளைகளே இல்லையா? கிண்ணியாவிலிருந்து ஒருவரும் இல்லையா? அதற்காகப் புள்ளியை வளைக்க வேண்டாம். அறிவித்தல் எந்தெந்த வட்ஸ்அப் குரூப்புகளுக்குப் போனது, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மாலை பஸ் பிடித்து வீடு திரும்ப முடிந்ததா என்று விசாரியுங்கள். அடுத்த சுற்றில் மாற்ற வேண்டியது அங்கேதான் இருக்கும்.

படி 9: அறிவிப்பும் முதல் இரண்டு வாரமும்

எல்லோருக்கும் ஒரே நாளில் பதில் போக வேண்டும். கிடைக்காதவருக்கு "வருந்துகிறோம்" என்ற ஒற்றை வரி போதாது. புல் ரிக்வெஸ்ட் அனுப்பிய ஒவ்வொருவருக்கும், எது நன்றாக இருந்தது, எது குறைந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். நாற்பது பேருக்கு எழுதுவது ஒரு மாலை வேலை. அவர்களில் சிலர் தேர்வு இல்லாமலே தொடர்ந்து பங்களிப்பார்கள், அடுத்த முறை முன்வரிசையில் நிற்பார்கள். இரண்டு பேரைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்து, அதையும் அவர்களுக்கே சொல்லிவிடுங்கள்.

தேர்வானவர்களுக்கு முதல் இரண்டு வாரம் கோட் இலக்கு எதுவும் வேண்டாம். வாராந்த அழைப்பு எந்த நாள், பதில் வராவிட்டால் யாரிடம் கேட்பது, பரீட்சை எந்த வாரம் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒருவர் மூன்று செய்திக்கும் பதில் சொல்லவில்லை என்றால், துணை வழிகாட்டி ஒருமுறை நேரில் அழைத்துப் பேசட்டும். வீட்டில் ஏதும் பிரச்சினை என்றால் திகதியைத் தள்ளிக் கொடுங்கள். அப்படி ஒன்றும் இல்லாமல் சும்மா நழுவுகிறார் என்றால், மூன்றாவது வாரம் தொடங்குமுன் காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருப்பவரை அழையுங்கள்.